தானாக ஏறும் எச்சரிக்கை

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் இளவேனிலுக்கு முகம் சுருங்கிவிடும். சோம்பேறி என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கோவில்பத்திலிருந்து பஸ் பிடித்து டவுன் ஆபீசுக்குப் போய், கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள். பிறந்த வீட்டு மீனவக் கிராமத்துக்கும் சும்மாவே ஒன்று செய்து கொடுத்திருந்தாள். இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, கூடாதா என்பதுதான் அதில் எல்லாரும் பார்க்கும் செய்தி.

முதலில் ஒவ்வொரு திருத்தத்தையும் கையால்தான் ஏற்றினாள். அலுத்துப்போய் ஹூக் என்று ஒரு சின்ன நிரல் எழுதினாள். திருத்தத்தைக் கிட் என்ற சேமிப்பகத்துக்கு அனுப்பினால், அதாவது புஷ் செய்தால் போதும், சர்வரில் அந்த ஹூக் தானே ஓடிப் பக்கத்தை மாற்றிவிடும். அது சொல்வதைப் படிப்பதும் தொல்லையென்று, எல்லாவற்றையும் லாக் என்ற பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட்டாள். ஒரு வருஷம் பிசகவில்லை. கடலுக்குப் போகலாமா என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சசிதரனிடமும், இனிமேல் பக்கத்தையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் புயல் எச்சரிக்கை வந்தது. பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்று எழுதிப் புஷ் செய்தாள். போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டியது. பக்கத்தைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மனசு கேட்காமல் போனில் பக்கத்தைத் திறந்தாள். ‘கடல் அமைதி. போகலாம்.’ போன வாரத்துச் செய்தி அப்படியே இருந்தது. மேலே தேதி மட்டும் தானாக மாறி இன்றையதைக் காட்டியது.

போனிலேயே லாக்கைத் திறந்தாள். போன வாரம் அவளே ஏற்றிய திருவிழா வீடியோக்களால் தளத்துக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியிருந்தது. சர்வர் புஷ்ஷை வாங்கிக்கொண்டது, ஹூக்கால் பக்கத்தை எழுத முடியவில்லை. அதை லாக்கில் ஒரே வரியில் சொல்லியும் இருந்தது.

அண்ணன் போன் எடுக்கவில்லை. அண்ணி வடிவாம்பாள் எடுத்தாள்.

“டிவியில புயல்னுதான் சொன்னாங்க வேனிலு. உங்கண்ணன் கேக்கல. என் தங்கச்சி போகலாம்னு போட்டிருக்கா, அதுக்கு மேல என்னன்னுட்டு விடியறதுக்குள்ள போயிட்டாங்க.” பிறகு கேட்டாள்: “நீ பாத்துத்தானே போட்டே?”