கடம்பூர் மலையில் கத்திய குழாய்

காலை ஆறு மணி, காந்திபுரம். டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறும்போதே வம்பு தொடங்கிவிட்டது.

கடம்பூர் மலையில் ஒரு சிற்றூருக்குக் கைப்பம்பு பொருத்தப் போகிறோம். பம்பு, பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் பழனிசாமியின் நன்கொடை. அங்கே தொலைபேசி கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதே ஒரு வாரமாக எங்கள் பேச்சு. வாக்கி டாக்கி வாங்கலாம் என்றேன். அந்தக் காட்டில் அதைக் கையில் வைத்திருந்தால் யானை பிடிப்பதற்கு முன்னால், கடத்தல்காரன் ஆள் என்று போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று பழனிசாமி சிரித்தார். கடைசியில் அவர் இடுப்பில் பேஜர், என் பையில் மைத்துனரின் புத்தம்புது செல்போன். பேசினாலும் காசு, கேட்டாலும் காசு என்பதால் அதைக் குழந்தையைப் போல் துண்டில் சுற்றி வைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் கோட்டைமேட்டு அன்வர் பாய். திறப்பு விழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கியோடு மைக் செட் போட வந்தவர். நாள் வாடகை இருநூற்றைம்பது ரூபாய்.

"ஏனுங்க பாய், இந்தக் கொழாய வெச்சு யானைக்குக் கல்யாணப் பத்திரிகை படிக்கப் போறீங்களா?" என்றார் பழனிசாமி.

"அதுக்கும் வாடகை ஒண்ணுதானுங்க கவுண்டரே."

அன்னூர் தாண்டியதும் செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எழுபது கிலோமீட்டரில் சத்தியமங்கலம்; அங்கே ஒன்றுகூட இல்லை. பேஜரும் ஊமையாகிவிட்டது. மலையேறினோம். பகல் பன்னிரண்டுக்குப் பம்பில் தண்ணீர் கொட்டியது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டு, வயிறு நிறைய அனுப்பிவைத்தார்கள்.

மூன்று மணிக்கு இறக்கத்தில் ஜீப்பின் அச்சு முறிந்தது. சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கிய பழனிசாமியின் காலில் பாறை உருண்டு விழுந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்திலேயே ஓடை. பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு வரும் இடம் என்று காலையில்தான் ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உதவிக்கு ஊருக்குத் திரும்பி நடந்தால் இருட்டிவிடும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலைச் சாலையில் நாலு மணிக்குக் கடைசிப் பஸ். கண்ணுக்குத் தெரிகிற சாலைதான். ஆனால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரால் பள்ளம் இறங்கி ஏற முடியாது. செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பாறை பாறையாக ஏறிப் பார்த்தேன்; ஒரு கோடுகூட வரவில்லை. பேஜருக்கோ காது மட்டும்தான், வாய் கிடையாது.

பாய் ஜீப் பேட்டரியைக் கழற்றி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். குழாயைப் பாறைமேல் ஏற்றி எதிர்மலையைப் பார்த்துத் திருப்பினார். பஸ் வளைவில் தெரிந்ததும் மைக்கைத் தட்டி ஊதினார். பழக்கத்தை விட முடியுமா?

"அன்பார்ந்த பயணிகளே! டிரைவர் அண்ணன் வண்டிய நிறுத்தவும். கவுண்டருக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. கட்டிலோட ஆள் வரணும்."

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. பாய் மறுபடி சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார். பஸ் நின்றது. மூன்று முறை ஹாரன் அடித்தது. இத்தனை வயதில் இவ்வளவு இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

சாலையோரக் குடிசையில் இரவல் வாங்கிய கயிற்றுக் கட்டிலோடு எட்டுப் பேர் பள்ளத்தில் இறங்கி வந்தார்கள். பஸ் ஐந்தரை மணிவரை அசையவில்லை. முதலில் கேட்டது யார் என்று பஸ்ஸுக்குள் ஒரே போட்டி. கோழிக்கூடை வைத்திருந்த அம்மணி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. புறப்படும் முன் பாய் படியில் நின்று, டிரைவரில் தொடங்கிக் கோழிக்கூடை அம்மணிவரை பேர் கேட்டுக் கேட்டு, வெறும் வாயாலேயே நன்றி அறிவித்தார். பஸ்ஸே கைதட்டியது.

சத்தியமங்கலத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் கோவைக்குத் திரும்பினோம். குழாயை மடியில் வைத்துக்கொண்ட பழனிசாமி அதை யாரிடமும் கொடுக்கவில்லை. சரவணம்பட்டி விளக்குகள் தெரிந்தபோது பேஜர் கீச்சிட்டது. வீட்டம்மாவின் செய்தி: பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

பழனிசாமி அதைப் படித்துவிட்டுப் பாயைப் பார்த்தார்.

"பாய், அந்த மைக்க மாட்டுங்க. ஊட்டுக்குப் பதில் சொல்லோணும்."