காது கேட்கும் மயில்

கோப்பாய்ச் சீவரத்தினம் கோயில் திருவிழாக்களுக்கு மின்விளக்குச் சோடனை செய்கிறவர். எண்பத்தாறாம் ஆண்டில் அவர் செய்த மயிலைச் சும்மா சொல்லக்கூடாது. சுளகளவுப் பலகையில் நூறு குட்டி மின்குமிழ்கள். பின்னால், சத்தத்தை அளந்து தோகைக்குக் கணக்குச் சொல்லும் ஐசிகள். கழுத்தில் காதாக ஒரு மைக். மெல்லக் கதைத்தால் இரண்டு இறகு மினுங்கும். கைதட்டினால் முழுத் தோகையும் விரிந்து நடுங்கும். அதோடு கதைக்கவென்றே சனம் வரிசையில் நின்றது. அவருடைய ஒரே மகன் பஞ்சலிங்கம் அதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவான்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்டு போனது, சோடனையும் போனது. குண்டு போடும் பிளேன் இரைந்தால் மனைவி இரத்தினம்மா மகனை முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இழுத்துப்போய், இரண்டு கையாலும் அவன் காதைப் பொத்துவாள். பதினொரு வயதுப் பெடியன் வெட்கப்பட்டாலும் விடமாட்டாள். அடுத்த வருஷம், பக்கத்து வீட்டாரோடு சுன்னாகம் சந்தைக்குப் போன வழியில் குண்டு விழுந்து அவன் செத்துப்போனான். அன்றைக்கு அவன் காதைப் பொத்த அவள் பக்கத்தில் இல்லை.

அதோடு இரத்தினம்மாவின் வாய் பூட்டிக்கொண்டது. சமைப்பாள், கூட்டுவாள், ஒரு சொல் இல்லை. எட்டு மாதம்! சீவரத்தினம் கிணற்றடியில் நின்று அழாத நாளில்லை. கடைசியில் மயிலைத் தூசி தட்டி எடுத்தார். அது தனக்காக விரிவதைக் கண்டாலாவது கதைக்கமாட்டாளா? சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றி, பழைய பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றினார். பெருமூச்சுக்கும் விரியும்படி அதன் காதைக் கூர்மையாக்கினார்.

ஒரு காலை, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் அதை வைத்தார்.

“இஞ்சரும், ஒரு சொல்லுக் கதையும். அது கேட்டுக்கொண்டு நிக்குது.”

அவர் குரலுக்கு விரிந்து அடங்கியது. அவள் நிமிரவில்லை.

சற்று நேரத்தில், இருவரும் பேசாமலே, தோகை மெல்ல விரிந்தது. அவளுடைய மூச்சுத்தான் என்று பாவி மனுஷன் பூரித்துப்போனார். பிறகுதான் அவர் காதுக்கும் கேட்டது, பிளேன். எங்கோ முதல் குண்டு விழ, முழுத் தோகையும் விரிந்து நடுங்கியது.

“ஐயோ, பங்கருக்குள்ளை வாரும்!”

அவர் பிடித்த கையை உதறிவிட்டு இரத்தினம்மா ஓடிப்போய் மயிலை மடியில் போட்டாள். இரண்டு கையாலும் அந்த மைக்கைப் பொத்தினாள். தோகை மடங்கியது.

“பயப்பிடாதை ராசா. அம்மா பொத்திப் பிடிச்சிருக்கிறன். ஒண்டும் கேளாது.”

சீவரத்தினம் பங்கரை மறந்தார். அவர்கள் இருவர் மேலும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.