அமாவாசை என்று சொல்லிவிட்டேன்

பிள்ளைகளே, அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாக வளர்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். நீங்களே அப்படி இருக்கலாம். வீடு பிரிகிற நாட்களில் பெரியவர்கள் செய்த தப்பை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்துகொண்டிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் கோர்ட்டில் விவாகரத்து ஆனது. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தவர்கள் கிடையாது. மகளுக்கு ஏழு வயது. அவள் அம்மாவோடு ஐயம்பேட்டையில் தாய்மாமன் வீட்டில் இருக்க வேண்டும், மாதத்தில் ஒரு நாள் நான் அழைத்துப்போகலாம் என்று முடிவானது. நீதிபதி என்னைப் பார்த்து, உனக்கு வேலை இல்லாத நாள் எது என்று கேட்டார்.

"அமாவாசைங்க" என்றேன்.

நெசவுக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு லீவு கிடையாது. அமாவாசை அன்றுதான் தறி நிற்கும். கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதையே உத்தரவில் எழுதிவிட்டார்கள். அமாவாசை பெரும்பாலும் பள்ளிக்கூட நாளில்தான் வரும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

முதல் தடவை கோடை விடுமுறையில் வந்தது, தொல்லை இல்லை. அடுத்த மூன்று தடவையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிப்போனேன். மறுநாள் டீச்சர் அவளை நிற்கவைத்தார்களாம். அதற்கடுத்த அமாவாசை காலாண்டுப் பரீட்சையில் வந்து விழுந்தது. இந்த மாதம் வர வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வீம்புக்குப் போனேன்.

வாசலில் கயிற்றுக்கட்டிலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அண்ணன்.

"வாங்க மாப்ள. திதி குடுக்கற நாளா பாத்து புள்ளைய பாக்க வர்றவரு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

எதிர் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மகள் நீலப் பாவாடையோடு, பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். கணக்குப் பரீட்சை, அனுப்ப மாட்டேன் என்றாள் அவள் அம்மா. நான் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்தேன்.

"பேப்பர் இருக்குதுல்ல, தாராளமா கூட்டிக்கினு போங்க" என்றார் மச்சான். "இல்லாட்டி, இந்த மாசம் அப்பன் கூட்டிக்கினு போகலன்னு எழுதி வெச்சிக்கிறோம்."

எப்படியும் நான் மாட்டிக்கொள்வேன் என்று புரிந்தது. கூட்டிப்போனால் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறான் என்பார்கள். விட்டுவிட்டுப் போனால் அக்கறை இல்லாதவன் என்பார்கள். இரண்டில் எதைக் கோர்ட்டில் சொன்னாலும் அந்த ஒரு நாளும் என் கையைவிட்டுப் போய்விடும். மகள் என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. அட்டையின் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது.

பரீட்சைக்குப் போகட்டும், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன்.

"நீயா?" என்றாள் அவள் அம்மா. "இவ வயித்துல இருந்தப்ப, ஏழு மாசத்துல வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்பிட்டப்ப, இந்த முழம் முடியட்டும்னு சொன்ன ஆளு நீ. நீ தறிய நிறுத்துவியா?"

அது பொய் இல்லை. மகளிடம், நேரமாகிறது, போய் எழுதும்மா என்றேன். அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மச்சான் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இருண்ணா" என்று அடக்கிவிட்டு, அவள் அம்மா என் பக்கம் திரும்பினாள். "வர்ற ஞாயித்துக்கிழம நானே இட்டுக்கினு வர்றேன். நீ தறியில உக்காந்திருந்தா அப்படியே திரும்பிடுவேன். அப்புறம் கோர்ட்டுல சொன்ன நாளும் கிடையாது, சொல்லாத நாளும் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று என்னுடையது, மற்றது என் அண்ணனுடையது. ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். ஊரே நெய்யும்போது நான் எதுக்குடா நிறுத்தணும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே தறிச் சத்தத்தைக் கேட்டு, நெய்வது நான்தான் என்று நினைத்துத் திரும்பினால் என்ன செய்வது? எட்டு மணிக்கே தெருமுனையில் போய் நின்றேன். தறியில் இல்லாத என்னை அவள் அங்கேயே பார்க்கட்டும் என்று.

ஒரு பஸ் வந்தது, அவர்கள் இல்லை. இன்னொன்றிலும் இல்லை. தெரிந்தவர்கள், ஏன்பா இங்க நிக்கற, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பத்தரை மணி பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

மகளின் அம்மா என்னைப் பார்த்தாள். தெருவைக் காது கொடுத்துக் கேட்டாள். எங்கள் வீட்டுக்கே நடந்தாள். உள்ளே அண்ணன் தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தார். என் தறியின் மேல் வேட்டி போர்த்தியிருந்தேன். அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பாதிச் சேலை அப்படியே நின்றிருந்தது. வேட்டியை இழுத்து மூடிவிட்டு, மகளின் கையை விட்டாள்.

"ஆறு மணிக்கு வருவேன். கத்திரிக்கா மட்டும் போடாத, அவளுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும்."

ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் நான். அது எனக்குத் தெரியாது. காலையில் நான் வைத்திருந்தது கத்திரிக்காய்க் குழம்புதான். அதை அண்ணனுக்கு எடுத்துவைத்துவிட்டு, உனக்கு வேறு என்னவெல்லாம் ஒத்துக்காதும்மா என்று மகளிடம் கேட்டேன். அவள் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.