சத்தம் நின்ற லேப்டாப்

எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை செய்கிறேன். லேப்டாப் விசிறியின் இரைச்சலில் என் எட்டு மாத மகள் அடிக்கடி விழித்துவிடுவாள். இணையத்தில் தேடி, பவர் செட்டிங்கில் பிராசசரின் உச்ச வேகத்தை நூறு சதவீதத்திலிருந்து எண்பதாகக் குறைத்தேன். சூடும் இரைச்சலும் நன்றாகவே குறைந்தன.

சில வாரங்களில் சத்தம் அறவே நின்றது. "புள்ளைய விட உன் லேப்டாப்பு நல்லா தூங்குதேம்மா" என்று மாமியார் சிரித்தார். வேகத்தைக் குறைத்ததன் பலன் என்றே நானும் நம்பி, மெத்தையில் மகள் பக்கத்திலேயே வைத்து வேலை செய்ய ஆரம்பித்தேன்.

ஒரு மதியம் கஞ்சி எடுக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், பிளாஸ்டிக் கருகும் வாடை. மகள் உருண்டு வந்து லேப்டாப்பை ஒட்டிப் படுத்திருந்தாள். அவளை வாரி எடுத்துவிட்டு அதைத் தொட்டேன், விரல் சுட்டது. அவள் உடம்பு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப்பை அணைத்துப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"உப்புக்காத்துல ஃபேன் துருப்புடிச்சி நின்னே போயிருக்குக்கா. சத்தமே இல்லன்னதும் பார்த்திருக்கணும்" என்றார் பழுது பார்த்தவர்.

புது விசிறி போட்டாகிவிட்டது. வேகம் எண்பதிலேயே இருக்கிறது. இப்போது உப்பளப் பக்கத்து ஜன்னலை மூடி, மேசையில் வைத்துத்தான் வேலை செய்கிறேன். அடிக்கடி அடியில் கை வைத்துப் பார்க்கிறேன். விசிறியின் மெல்லிய சத்தம் கேட்கவில்லையென்றால், முதலில் மகளைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.