சுவரைப் பார்த்து நின்றவர்

வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன சர்வர் பெட்டி இருக்கிறது. பத்திர நகல்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். நான் வேலை பார்க்கும் சென்னையிலிருந்தே அதைத் திறக்க வழி செய்ய, மூலக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர். சட்டைப் பையில் மூன்று பென்டிரைவ். எதை அள்ளிக்கொண்டு போகவோ?

"உள்ள இன்னா வெச்சிக்கிறீங்கன்னு எனக்கு வேணாம் சார். சும்மா நெட்ல தொறந்து வுட்டா எவன் வேணா பூந்துடுவான். விபிஎன் போட்டுத் தரேன், உங்க போனு மட்டும்தான் உள்ள வரும்" என்றார்.

நான் பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "பரவாயில்ல, உக்காருங்க" என்றேன், ஒப்புக்கு.

"வேணாம் சார். நாளைக்கு எதுனா காணாம போனா மொதல்ல என் மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

இவ்வளவு விவரமாகப் பேசுகிறவரை நம்பலாமா?

அவர் போன பிறகுதான் அந்தச் சுவர் உறைத்தது. மறக்காமலிருக்க பாஸ்வேர்டை நான் எழுதிவைத்த மாதக் காலண்டர் அங்கேதான் தொங்குகிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அது சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது.

உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். படித்துவிட்டுத் திருப்பினாரா, படிக்காமலிருக்கத் திருப்பினாரா, இன்றுவரை தெரியவில்லை. மாதம் மாறிவிட்டது. காலண்டரைத் திருப்ப மட்டும் எனக்குக் கை வரவில்லை.