புளித்தண்ணீரில் ஊறிய ஐந்து ரூபா

ஹாலிஎல பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே மர்ஸூக் நானாவின் பேக்கரி. அங்கே காசு மேசையில் உட்கார்ந்திருப்பவள் ஜீவராணி. அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பியவர்கள் குறைவு. சில்லறை மாற்ற வரும் பஸ் கொண்டக்டர்கள்கூட முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள்.

அந்த மாதம் அவளுடைய கோபத்துக்குப் புதுக் காரணம் வந்தது. எவனோ ஒருவன் போனில் ஒரு வீடியோ போட்டிருந்தான். பிழையாக அச்சடிக்கப்பட்ட ஒரு காசு கையில் இருந்தால் போதும், நீங்கள் லட்சாதிபதி என்று கத்தினான். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் அதைப் பார்த்தன. மறுநாளில் இருந்து பாண் வாங்க வருகிறவர்களைவிடக் காசு காட்ட வருகிறவர்கள் கூடிப்போனார்கள். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, பஸ் டயரில் தேய்ந்தது, அரத்தால் ராவியது என்று வகை வகையாகக் கொண்டுவந்தார்கள். ஒருவன் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அச்சுல வந்த பொறவிப் பிழையா, பொறகு பட்டதா? அத மொதல்ல கேளு. தாலி அறுந்த வீடியோவப் பாத்துட்டு அரை நாள் பேரையும் சம்பளத்தையும் இழந்துட்டு வந்து நிக்கிறியே!" என்று அவனை விரட்டினாள். ஏமாந்தவன்மேல் இருந்த கோபத்தைவிட, ஏமாற்றியவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறானே என்ற கோபம்தான் அவளுக்கு அதிகம்.

காசு பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வருசமாக நாள் முழுக்கச் சில்லறையை அளைந்து வந்த பழக்கம். அச்சடிக்கும்போதே தகடு விலகிப்போன காசில் ஒரு ஓரம் பிறை மாதிரி வெறுமையாக இருக்கும், மிச்ச எழுத்து கூர் மழுங்காமல் நிற்கும். விளிம்பு குறைந்து பிறந்த காசில் குறைக்கு நேர் எதிர் விளிம்பும் மங்கியிருக்கும். கத்தரியால் வெட்டுகிறவனுக்கு இது தெரியாது, எதிர்ப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவான். அதனால் எந்தக் காசு வந்தாலும் அவள் முதலில் மறுபக்கத்தைத்தான் பார்ப்பாள். இந்த ஆறு வருசத்தில் நிஜமாகப் பிறவிப் பிழையோடு வந்தது ஒரே ஒரு இரண்டு ரூபா. அதைக் கண்டெடுத்துக் கொடுத்ததில் இருந்து, பதுளையில் காசு சேர்க்கிற ஓய்வு பெற்ற அதிபர் ஸமீம் சேர், அவளிடம் காட்டாமல் எதையும் வாங்குவதில்லை.

காசை எல்லாம் அவள் இடது கையால்தான் எடுப்பாள். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருக்கும். அந்தக் கையின் மூன்று விரல்கள் உள்பக்கமாக மடங்கித் தாமாக நிமிராமல் போனவை. பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரில் மாட்டிய கை அது. அந்தத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்த ஜெயகுமார், விபத்துப் படிவத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: கையில் உள்ளது பிறவிக் குறை. அந்த வரியைக் காட்டி நட்டஈடு இல்லை என்றார்கள். குறையை மறைத்து வேலைக்குச் சேர்ந்தாள் என்று சொல்லி வேலையையும் பறித்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சாட்சிக்கு வரவில்லை, வேலைப் பதிவில் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. இரண்டு விசாரணை முடிந்துவிட்டது. கடைசி விசாரணை வருகிற வெள்ளிக்கிழமை, பதுளைத் தொழில் அலுவலகத்தில்.

பிறவிக் குறை என்றால் அது ஒன்றும் குற்றமில்லை. அவளுடைய அண்ணன் பிறக்கும்போதே காது கேளாதவன், அவனைப்போல உழைத்தவன் அந்த லயத்து வரிசை வீடுகளில் இல்லை. ஆனால் ரோலர் நசுக்கிய விரலுக்குத் தாய் வயிற்றின்மேல் பழி போட்டு எழுதியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஜெயகுமார்தான் புதன்கிழமை பேக்கரிக்கு வந்தார். ஒரு பிளேன் டீ குடித்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஓர் ஐந்து ரூபாக் காசு ஒட்டியிருந்தது. மஞ்சளாக வெளிவந்த வருசத்துக் காசு, ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வேற உலோகத்துல மாறி அடிச்சது. ஸமீம் சேர் நாளைக்குப் பார்க்க வாறார். நீ பொறவின்னு ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடுவாரு."

"சொல்லாட்டி?"

ஜெயகுமார் சட்டைப் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். அவளுடைய கை ஸ்டோரில் அடிபட்டது என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"சொன்னா இதுல சைன் வச்சுத் தாறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒதவும்."

"அப்ப பொறவின்னு எழுதுனது பொய்ன்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியிறது வேற, எழுதுறது வேற ஜீவராணி" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

பிறவி என்று சொல்லிவிடுவது என்றுதான் அவள் முடிவு செய்தாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆறு வருசம் எரிந்தவளுக்கு ஒரு கையெழுத்து பெரிய விஷயம். ஸமீம் சேருக்கு ஒரு காசு போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு மர்ஸூக் நானாவோடு காரணமில்லாமல் இரண்டு தடவை சண்டை பிடித்தாள்.

வியாழக்கிழமை ஸமீம் சேர் வந்தார். பக்கத்தில் ஜெயகுமார் நின்றார். அட்டை அவள் கைக்கு வந்தது.

பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அவளும் ஒரு காலத்தில் இப்படி ஒரு காசு வைத்திருந்தவள்தான். கை குணமாக வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்து, ஐந்து ரூபாவை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். உண்டியலில் போடும் முன்னால் பளபளப்பாகட்டும் என்று, பழைய பித்தளைக் காசுக்குச் செய்கிற மாதிரி, உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துபோனாள். பிறகு வந்த மஞ்சள் காசுக்கு மேல்தோல் மட்டும்தானே பித்தளை. ஒரு வாரம் கழித்து எடுத்தால் தோல் உரிந்து இரும்பு தெரிந்தது. தோட்டத்தில் எத்தனையோ வீட்டில் நடக்கிற கூத்து இது.

"எப்படித் தங்கச்சி, பொறவிதானே?" என்று கேட்டார் ஸமீம் சேர்.

அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. தன்மேல் எழுதப்பட்ட அதே சொல்லைத் தன் வாயாலேயே சொல்வதா? அடுத்த நொடி அட்டையில் இருந்து காசைப் பிய்த்தாள்.

"ஏய்! அதக் கழட்டக் கூடாது!" என்றார் ஜெயகுமார்.

"கழட்டாம எப்படிங்க பாக்குறது? மறுபக்கத்த மூடிக்கிட்டு யாவாரமா?" காசைத் திருப்பி ஸமீம் சேர் முன்னால் வைத்தாள். ஊறியபோது பாத்திரத்தின் அடியில் படிந்து கிடந்த அந்தப் பக்கத்தில், எழுத்துகளின் இடுக்கெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்தது. "பட்டது சேர். புளித்தண்ணியில தோலு போனது. சாமிக்கு முடிஞ்ச காசக்கூட விக்க வந்துட்டாங்க."

ஜெயகுமார் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து மேசையில் இருந்த டீக் கோப்பைக்குள் போட்டார். "வெள்ளிக்கிழமை பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஸமீம் சேர் கோப்பைக்குள் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். அவள் விபத்தையும் படிவத்தில் இருந்த வரியையும் விசாரணையையும் சொன்னாள். வலது கையைத் தலைப்பில் இருந்து வெளியே எடுத்து, மடங்கிய விரல்களை இடது கையால் விரித்து, உள்ளங்கை மேலே தெரிய மேசையில் வைத்தாள். மணிக்கட்டில் இருந்து விரல் வரை பதினான்கு தையல் தழும்பு.

ஸமீம் சேர் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்தவர், வெட்கப்பட்டுக் கீழே வைத்தார்.

"விசாரணையில இத யாருமே பாக்கலியா?"

"ஒருத்தரும் கேக்கல சேர்" என்றவள் நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு விசாரணையிலும் அவள் அந்தக் கையைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். வெட்கத்தில் புறங்கையின் நுனியை மட்டும் காட்டிவிட்டு, அவர்கள் தாளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் காசை எல்லாம் திருப்பிப் பார்த்தவள் தன் கையைத் திருப்பிக் காட்டவில்லை. ஜெயகுமார்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் தன்மேல் வந்தது.

வெள்ளிக்கிழமை பதுளைக்குப் போனபோது சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். அதிகாரி கோப்பைத் திறக்கப் போனார். அவள் எழுந்துபோய், மூடியிருந்த கோப்பின்மேல் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தாள்.

"ஐயா, மொதல்ல இதப் படிங்க. அந்தத் தாள பொறகு படிக்கலாம்."