பூஜையில் வைத்த டிவி

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த வருஷம், சரஸ்வதி பூஜைக்கு அதையும் சேர்த்து வைத்துக் கும்பிட்டேன். அதில் தப்பாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வீணை இருக்கிறவர்கள் வீணையை வைக்கிறார்கள். எங்களிடம் வீணை இல்லை. பாட்டு வருகிற பெட்டி என்றால் அது ஒன்றுதான்.

அப்போது மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தோம். ஐந்து போர்ஷன் உள்ள வீடு. மாடியில் வீட்டுக்கார மாமி, கீழே வரிசையாக நாங்கள். என் வீட்டுக்காரருக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பகுதியில் வேலை. ஒரே மகள், ஏழாம் வகுப்பு. நான் எட்டாவதோடு நின்றவள். வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பகாம்பாளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வாரம் நன்றாகப் போகும் என்று நம்புகிறவள். இன்றைக்கும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் பாடுவார். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஆனாலும் அவர் பாடினால் பக்கத்துப் போர்ஷனில் மிக்ஸியை நிறுத்துவார்கள். கேபிளில் புதிதாக வந்த ஒரு சேனலில் வாரம் ஒருநாள் பாட்டுப் போட்டி நடத்தினார்கள். வயது தடையில்லை, குரல் இருந்தால் போதும் என்று அறிவித்தார்கள். என்னிடம்கூடச் சொல்லாமல் எழுதிப் போட்டுவிட்டார். கூப்பிட்டும்விட்டார்கள்! கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிடித்தார்கள். வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டுக் கொடுத்து, நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தார்.

"எப்படிப் பாடினீங்க?"

"டிவியில வரும், பாத்துக்கோ."

"ஜெயிச்சீங்களா இல்லையா?"

"அதுவும் டிவியில வரும்."

அவ்வளவுதான். மகள் முதுகில் ஏறித் தொங்கியும் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. எந்த வாரம் வரும் என்று கார்டு போடுவதாகச் சொல்லியிருந்தார்களாம். அன்றிலிருந்து கடை விட்டு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "கார்டு வந்துச்சா?" என்பார். இரண்டு மாசமாக அதே கேள்வி. கேட்பது என்னவோ சாதாரணமாகத்தான், பஸ் வந்ததா என்பது மாதிரி. ஆனால் இல்லை என்றதும் அந்த முகம் கொஞ்சம் இறங்குவதை நான் பார்ப்பேன். தன் முகத்தைத் தானே டிவியில் பார்க்க வேண்டும் என்ற ஆசை நாற்பத்து மூன்று வயசு மனுஷருக்கு இருக்கக் கூடாதா? எங்களிடம் படம் பிடித்து வைக்கிற டெக் எல்லாம் கிடையாது. ஒரு தடவை காட்டுவார்கள். அதை விட்டால் போயிற்று.

பூஜைக்கு மூன்று நாள் முன்னால் வீட்டை ஒழித்தேன். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, வருஷத்துப் பேப்பர், தீர்ந்த நோட்டு, எண்ணெய் டின், மருந்து பாட்டில், உடைந்த வாளி எல்லாம் எடைக்குப் போட்டேன். பத்து வருஷமாக அவருக்குத்தான் போடுவது. அவர் தராசுக்கு அடியில் காந்தம் இருக்கிறது என்பது என் கட்சி. என் பேப்பர்க் கட்டுக்கு நடுவில் ஈரம் இருக்கிறது என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் சண்டை போட்டு முடித்து, மோர் குடித்துவிட்டுத்தான் போவார்.

பூஜை அன்று மகளுடைய புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத் துணி போர்த்தினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய கத்தரிக்கோல், என் தையல் மெஷின், அரிவாள்மணை. ஓரத்தில் ஸ்டாண்டோடு டிவி. அதற்கும் சந்தனம், குங்குமம், நாலு முழம் மல்லி. பக்கத்துப் போர்ஷன்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, டிவிக்குமா?" என்று ஓடினாள். அரை மணியில் ஐந்து போர்ஷனிலும் டிவிக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. மாடியில் மாமிகூட வைத்துவிட்டார் என்று மகள் வந்து சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. அன்று ஒரு எழுத்துக்கூடப் படிக்கவும் கூடாது. மகளுக்கு அது கொண்டாட்டம். வருஷத்துக்கு ஒருநாள், படிக்காதே என்று அம்மாவே சொல்கிற நாள்! அவருக்கும் கடையில் பூஜை முடித்து மத்தியானமே விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பாட்டுப் போட்டி வருகிற நாள்தான். கார்டுதான் வரவில்லையே, ஒரு வாரம் பார்க்காவிட்டால் என்ன என்று நான் சொல்ல, அவரும் தலையாட்டினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் மணி அடித்தது. பேப்பர்காரர். அவருடைய மூன்று சக்கர வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, ஹாண்டிலில் ஜிகினாத் தாள். வாடிக்கை வீடுகளுக்குப் பொரிப் பொட்டலம் கொடுக்க வந்திருந்தார்.

"இன்னாம்மா, பேப்பர் போடச் சொல்லோ கடுதாசியெல்லாம் பாத்துப் போட மாட்டியா? கட்டைப் பிரிச்சிகினு இருந்தேன், உள்ள இது கீது" என்று ஒரு போஸ்ட் கார்டை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கார்டின் மூலையில் சேனலின் முத்திரை. ஒழிக்கிற அவசரத்தில், தபால்காரர் போட்டதைப் பேப்பரோடு சேர்த்து நான்தான் கட்டியிருக்கிறேன். கார்டைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னைக்குப் படிக்கக் கூடாதுங்க."

"ஒரே வரிதானே?"

"ஒரு எழுத்துன்னாலும் எழுத்துதான்."

மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "நாமதானே படிக்கக் கூடாது? அவர் படிக்கட்டும், நாம கேக்கலாம். கேக்கறது படிக்கறது ஆகாதும்மா!"

பேப்பர்காரர் சிரித்தார். "கொண்டா பாப்பா. புஸ்தகத்தையே எடைக்குப் போட்டு எடுக்கறவன் நானு. நம்ம பூஜை வண்டிக்கும் தராசுக்கும்தான்." கார்டை எட்டக் கையில் பிடித்து எழுத்துக் கூட்டினார். "அன்... புடையீர். தாங்கள் பாடிய நிகழ்ச்சி... மாலை ஆறரை மணிக்கு... தேதி இன்னா போட்டுக்கீது? அட, இன்னிக்கி!"

சந்தனமும் மல்லிகையுமாக டிவி கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலை. "பரவால்ல விடு. சாமி காரியம்" என்றார். விரித்திருந்த பாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டின பாயைத் திரும்பப் பிரித்து, மறுபடி சுருட்டினார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மாடிக்கு ஓடினேன்.

மாமி எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டிவிய யாருடி பூஜைல வெக்கச் சொன்னா? எங்காத்துல முப்பது வருஷமா பாட்டு நோட்டும் சுருதிப் பெட்டியும்தான் வெப்போம். உன்னைப் பாத்துட்டு நானும் வெச்சுண்டு நிக்கறேன்!"

"இப்ப எடுக்கலாமா மாமி?"

"வெச்சப்பறம் அது சரஸ்வதி. நாளைக்குக் கார்த்தாலதான் தொடணும். நான் என்ன பண்ணுவேன் சொல்லு?"

படி இறங்கி வந்தேன். கடை டிவியிலாவது போய்ப் பார்க்கலாம் என்றால், நாலு வீதியிலும் கடைகளைப் பூஜை போட்டுச் சாத்திவிட்டார்கள் என்று பேப்பர்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த டிவியைப் பார்த்தாலும் பொட்டு. மாமி சொன்னதைச் சொன்னேன். பேப்பர்காரர் பொரியை வாயில் போட்டபடி யோசித்தார்.

"யம்மா, ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காத. என் வண்டிக்குக் காலைல பூஜை போட்டேன். சந்தனம், குங்குமம் எல்லாம் போட்டேன். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டிகினு வந்துட்டேன். அதுக்குத் தப்பில்லையே?"

"வண்டி வேற. வண்டியை ஓட்டித்தானே ஆகணும்."

"அப்ப டிவி புஸ்தகமா, வண்டியா?"

அவர் குனிந்து ஸ்டாண்டின் துணியைத் தூக்கினார். "அடியில பாரு, நாலு சக்கரம் கீது. புஸ்தகத்துக்குச் சக்கரம் இருக்குமா?"

மகள் கைதட்டினாள். என் வீட்டுக்காரர், சுருட்டின பாயைக் கக்கத்தில் வைத்தபடி என்னையே பார்த்தார். டிவியை எடு, போடு என்று அவர் வாயால் சொல்லவே மாட்டார். நான்தான் வைத்தேன், நான்தான் எடுக்க வேண்டும். பூஜை அலமாரி முன்னால் கண்ணை மூடி நின்றேன். 'தாயே, இது வண்டிதான் என்று நான் என் வாயால் சொல்லப்போகிறேன். தப்பென்றால் என்னைக் கேள். அவர் பாட்டைத் தடுக்காதே.' இதைப் படிக்கிற யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும், நாங்களும் சிரித்துக்கொண்டுதான் செய்தோம். சாமி முன்னால் சிரிக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

சமையற்கட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். அவர் தள்ளினார். நகரவில்லை. சக்கரம் கோலிக்குண்டு அளவு, பழம் அதைவிடப் பெரிது! இன்னும் கொஞ்சம் தள்ளவும் டிவி பின்னால் சாய்ந்தது. "ஐயோ, ஐயோ" என்று அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பழத்தை நறுக்கும்மா!" என்று கத்தினார்.

"அரிவாள்மணை பூஜையில இருக்குங்க!"

பேப்பர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நகத்தால் பழத்தைக் கீறி இரண்டாகப் பிய்த்தார். தோலைத் தட்டையாக நசுக்கிச் சக்கரத்தின் கீழே வைத்துக் கொடுத்தார். கற்பூரம் காட்டினேன். "போலாம் ரைட்!" என்றாள் மகள். டிவி நசுக்கென்று ஒரு முழம் ஓடி நின்றது.

மணி ஆறு இருபத்தெட்டு. போட்டால் திரை முழுக்கப் புள்ளி. தள்ளின வேகத்தில் கேபிள் ஒயர் கழன்றிருந்தது. பேப்பர்காரர் சொருகி, கையை எடுக்காமல் அப்படியே நின்றார். கையை எடுத்தால் புள்ளி வந்தது. சத்தம் கேட்டு மற்றப் போர்ஷன்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டு டிவி எல்லாம் இன்னும் சரஸ்வதிதான். வண்டியானது எங்களுடையது மட்டும். மாமி பாதிப் படி இறங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் பாக்கலடி. சுண்டலுக்குக் காத்துண்டிருக்கேன்."

டிவியில் அவர் வந்துவிட்டார்! நான் இஸ்திரி போட்ட அதே சட்டை, விபூதி அழியாமல். போட்டி நடத்துகிற பெண், "சார், பாட்டு எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"குழாயடியிலங்க. காலையில பால் கவரைக் கழுவிக் கொடியில மாட்டுறது என் வேலை. என் வீட்டுக்காரம்மா சேத்து வெச்சு எடைக்குப் போடுவாங்க. தண்ணி சத்தத்துல பாடினா தப்பு யாருக்கும் கேக்காது."

ஸ்டூடியோவில் சிரித்தார்கள், கூடத்தில் அதைவிடச் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பேப்பர்காரருக்கு ஒரு கை ஒயரில், மறு கை மார்பில். "நம்ம கவருப்பா! நம்ம கிட்ட போடற கவரு! டிவில வந்துடிச்சி!"

பிறகு பாடினார். பழைய சினிமாப் பாட்டு, முருகன் மேல். குழாயடியில் நாங்கள் கேட்கிற அதே குரல்தான். ஆனால் அது எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது. நான் கட்டிக்கொண்ட மனுஷர்தானா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலர் மடிஞ்சிருக்கு. அங்க அத்தனை பேர் இருந்தாங்க, ஒருத்தராவது சொல்லக் கூடாதா?" என்று முணுமுணுத்தார்.

முதல் சரணம் முடிந்ததும் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்து திரும்பினால் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேரில் அவர் மூன்றாவது. அடுத்த சுற்றுக்கு இல்லை.

"இதைத்தான் ரெண்டு மாசமா மறைச்சீங்களா?" என்றேன்.

"தோத்ததை மறைக்கலை. முதல்லயே சொல்லிட்டா நீங்க பாட்டைக் கேக்க மாட்டீங்க. மார்க்கைத்தான் பாப்பீங்க."

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மார்க் போட்டவர்களைத் திட்டித் தீர்த்தாள். கூடமே கைதட்டியது. அவரும் சிரித்தார். ஆனால், "ரெண்டாவது சரணத்தைப் போடலை. அதைத்தான் நல்லாப் பாடியிருந்தேன்" என்று அவர் மெதுவாகச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

படியில் சுவரைப் பார்த்து நின்ற மாமி திரும்பினார். "அவா வெட்டினா என்னடி? உங்காத்துக்காரர் இங்கதானே இருக்கார். பாடச் சொல்லு."

"இன்னைக்குப் பாடலாமா மாமி?" என்றேன்.

"வாய பூஜைல வெக்கலையோன்னோ?"

பேப்பர்காரர் அப்பாடா என்று ஒயரை விட்டார். திரையில் புள்ளி கொட்டியது. யாரோ எழுந்து டிவியை அணைத்தார்கள். என் வீட்டுக்காரர் கக்கத்திலிருந்த பாயை அப்போதுதான் கீழே வைத்தார். காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, எடுத்த எடுப்பில் சுருதி ஏறிப்போய், நிறுத்தி, மறுபடி எடுத்தார். இந்தத் தடவை சரியாக நின்றது. சரணம் முடிகிறவரை பொரி மெல்லுகிற சத்தம்கூட இல்லை.

முடிந்ததும் மாமி புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார்.

"நன்னா இருக்கு. இப்போ முதல்லேந்து பாடுங்கோ."